சிக்னல் கிடைக்காத நான்கு நாட்கள்

சரக்குக் கப்பலில் பதினான்கு ஆண்டுகளாக என்ஜினியர் வேலை பார்க்கும் ஒருவர், விடுமுறைக்கு வீடு வந்த மூன்றே வாரத்தில் மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஒரு கப்பலிலேயே ஏறினார் என்றால், கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். மைத்துனர் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர், "பஸ் டிரைவர் லீவு போட்டுட்டு பஸ்லயே ஊர் சுத்தின மாதிரில்ல இருக்கு" என்று வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பதின்மூன்று மாதப் பையனுக்கு நான்கு நாட்களுக்கு எத்தனை டயபர் வேண்டியிருக்கும் என்று அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

என்ஜினியரிடம் காரணம் இருந்தது. ஆனால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியான காரணமாக அது இல்லை.

ஆறு மாதத்துக்கென்று போனவர், மாற்று ஆள் வந்து சேராததால் பதினொரு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பியிருந்தார். அவர் கிளம்பும்போது மூத்தவள் பாப்பாவுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. தம்பி இரண்டு மாதக் குழந்தை. இத்தனை நாளும் பாப்பாவுக்கு அப்பா என்பவர் தினமும் மாலையில் போனுக்குள் வருகிறவர். உள்ளங்கை அகல முகம்; கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அந்த அப்பாவிடம் அவள் கதை சொல்வாள், பாட்டுப் பாடுவாள், சாப்பிட்ட வாயைத் திறந்து காட்டுவாள். இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து நின்ற நெட்டையான மனிதரைக் கண்டதும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, சொல்லிக்கொடுத்திருந்த மரியாதை மாறாமல், "வாங்க மாமா" என்றாள். வீட்டுக்கு வருகிற ஆண்களை எல்லாம் அவள் அப்படித்தான் வரவேற்பாள். அதில் அவளைக் குறை சொல்ல இடமில்லை.

அன்று மாலையே அவள் போனை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினாள். அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். அப்பா இதோ உட்கார்ந்திருக்கிறாரே என்று காட்டியதற்கு, காட்டிய விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் போனை நீட்டினாள். நேரம் போகப் போக அழுகை வலுத்தது. வேறு வழி தெரியாமல் என்ஜினியர் அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்து மனைவியின் போனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். பாப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்பா, உங்க கப்பல்லயும் நம்ம வீட்டுத் திரைச்சீலை இருக்கு" என்று அவள் வியந்து சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளிலிருந்து குளியலறைக்குள் போய் நின்று பேசத் தொடங்கினார். அங்கே வெறும் வெள்ளைச் சுவர்தான். எந்தக் கப்பலிலும் இருக்கக்கூடியது.

மூன்று வாரங்கள் இப்படியே ஓடின. பகலெல்லாம் பிடி கொடுக்காமல் நழுவுகிற பிள்ளை, மாலையில் குளியலறைக்குள் நிற்கிறவருக்குச் செல்லம் கொஞ்சியது. இன்னும் இரண்டு வாரத்தில் அவர் மறுபடியும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரே ஒரு முறை, எதிரில் நிற்கிற தன்னைப் பார்த்து அவள் அப்பா என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. யோசித்துப் பார்த்தபோது, குறுக்கே நிற்பது அந்தப் போன்காரன்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவனை நான்கு நாட்கள் கண்ணில் படாமல் செய்துவிட்டால் பிள்ளைக்குத் தன்னை விட்டால் வேறு ஆள் ஏது? கப்பலின் சாட்டிலைட் இணையம் இல்லாவிட்டால் நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்பதை, பதினொரு மாதம் அதிலேயே பேசிவந்த அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? உல்லாசக் கப்பல்களில் இணையம் தனியாக விற்கிறார்கள். அவர் அதை வாங்கவில்லை.

அறை எடுத்ததிலும் அவர் தம் தொழில் புத்தியையே காட்டினார். எல்லாரும் மேல்தளத்தில் பால்கனி வைத்த அறைக்குப் போட்டி போடுவார்கள். இவரோ அடித்தளத்தில், நட்டநடுவில், ஜன்னலே இல்லாத அறையாகத் தேடிப் பிடித்தார். கப்பல் எப்படி ஆடினாலும் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிகிற இடம் அதுதான். கதவைத் திறந்து பார்த்த மனைவி, "கடலைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து பெட்டிக்குள்ள வெச்சுட்டீங்களே" என்றாள். குழந்தைக்கென்று கேட்டிருந்த தொட்டில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு ஒருவர் நகர வேண்டுமானால் மற்றவர் கட்டிலில் ஏறிக் காலை மடக்க வேண்டியிருந்தது. தம்பியைக் கைகழுவும் தொட்டியில் உட்கார்த்திவைத்துக் குளிப்பாட்டினாள். என்ஜினியர் மட்டும் சுவரில் காதை வைத்து, கீழே ஓடுகிற இயந்திரத்தின் உறுமலைக் கேட்டு, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினார்.

முதல் நாள் மாலையில் பாப்பா வழக்கம்போலப் போனைக் கேட்டாள். இங்கே சிக்னல் இல்லை என்று அம்மா சொன்னாள். ஏன் இல்லை, எப்போது வரும், யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித் தூங்கவைத்துவிட்டு, மனைவி கணவர் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

அவர் தொட்டிலின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க அவள இங்க கூட்டிட்டு வரல. அவ அப்பாவ விட்டுப் பிரிச்சுக் கொண்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. அதனாலேயே அவருக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கப்பலிலேயே ஆட்டம் குறைந்த அறையில் படுத்திருந்தும் மனைவிக்குத் தலை சுற்றி, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போகும்படி கையால் சைகை காட்டினாள். பாவம் என்று நினைத்த மனதின் ஓரத்திலேயே, இதுதான் சமயம் என்றும் ஒரு நினைப்பு அவருக்கு எழுந்ததை மறைப்பதற்கில்லை.

ஆனால் கப்பல் கைக்குழந்தைக்காரர்களுக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதாக இல்லை. நீச்சல் குளத்தில் டயபர் கட்டிய பிள்ளைகளை இறக்கக் கூடாதாம். தம்பி தண்ணீரைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினான்; வேலியோரமாக ஐந்து நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்தார்கள். தம்பியால் தொந்தரவு இல்லை. யார் தூக்கினாலும் அவர் தோளில் சாய்ந்துகொள்கிற ரகம். தன்னிடம் அவன் ஒட்டிக்கொள்வதாக முதலில் என்ஜினியர் மகிழ்ந்தார். காலை உணவின்போது தட்டெடுக்க வந்த பணியாளரிடமும் அவன் அதே போலத் தாவிப் போய்ச் சாய்ந்துகொண்டதைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி அடங்கிவிட்டது. பாப்பாவோ இரண்டடி தள்ளியே நடந்தாள். கையை நீட்டினால், "நானே வர்றேன் மாமா" என்று பணிவாக மறுத்தாள்.

ஐந்தாம் தளத்தில் பிள்ளைகளின் விளையாட்டறை இருந்தது. சுவருக்குப் பதில் பெரிய கண்ணாடி, எதிரே லிஃப்ட், லிஃப்ட் பக்கத்தில் கப்பலுக்குள்ளேயே பேசிக்கொள்வதற்கான போன் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. இரண்டு வயது நிரம்பி, டயபரை விட்ட பிள்ளைகளை ஒரு மணி நேரம் தனியே விட்டுப்போகலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்ட பொறுப்பாளப் பெண், எழுதித் தரும்படி ஒரு படிவத்தை நீட்டினார். பிள்ளை பிரியமாகச் சாப்பிடுவது என்ன? தூங்குவதற்கு எதைக் கேட்கும்? எதைக் கண்டால் பயப்படும்? அழுதால் என்ன செய்தால் அடங்கும்?

என்ஜின் அறையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேடு எழுதிப் பழகிய கை அது. அங்கே எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விட்டால் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை என்று பொருள். அந்தப் பழக்கத்தில் என்ஜினியர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டார். பிரியமான உணவுக்குச் சாதம் என்று எழுதினார். பயத்துக்கு இருட்டு என்று எழுதினார். அழுதால் என்ற இடத்தில், தூக்கிக்கொண்டால் போதும் என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார். ஒன்றுகூட அவர் அறிந்து எழுதியது அல்ல. உறவு என்ற இடத்தில் அப்பா என்று எழுதும்போதுதான் பேனா சற்றே தயங்கியது.

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வருவதற்குள், டீச்சர் வாசலுக்கே வந்து அவரைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே பாப்பா மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள். தூக்கப் போனவரை உதைத்திருக்கிறாள். டீச்சரின் முழங்கையில் சிவந்திருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றார் டீச்சர். "ஃபார்ம்ல அப்பான்னு போட்டிருக்கீங்க. பாப்பா மாமா கூட வந்தேங்குறா. அப்பா கிட்ட போன்ல பேசணும்னு ஒரே அழுகை. அவங்க அப்பா எங்க இருக்காரு?"

என்ஜினியர் தம்பியின் காலுறையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு, இயந்திரக் கோளாறைத் தலைமை என்ஜினியருக்குத் தெரிவிக்கிறவர் போல, என்ன நேர்ந்தது, எதனால் நேர்ந்தது, இதுவரை என்ன செய்து பார்க்கப்பட்டது என்று சுருக்கமாகச் சொன்னார். படிவத்தில் எழுதியது எல்லாம் ஊகம் என்பதையும் ஒப்புக்கொண்டு, மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டார். டீச்சர், பிள்ளையின் கைப்பட்டையில் இருந்த அறை எண்ணையும் அவருடைய அறை அட்டையில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"உள்ள உங்க மேசைல போன் இருக்குல்ல?" என்று என்ஜினியர் கேட்டார். "நான் வெளிய இருந்து கூப்பிடறேன். அவ கிட்ட குடுக்க முடியுமா?"

லிஃப்ட் பக்கத்தில் நின்று, விளையாட்டறைக் கதவில் எழுதியிருந்த எண்ணை அழுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் டீச்சர் குனிந்து, மேசைக்கு அடியில் கையை நீட்டுவது தெரிந்தது. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா?"

"ஆமாடா. அப்பாதான்."

"மூஞ்சி எங்க?"

"இங்க ரொம்ப இருட்டா இருக்குடா. அதான் தெரியல."

அதை அவள் உடனே ஏற்றுக்கொண்டாள். இருட்டைப் பற்றி அவளுக்கு ஒரு பயமும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஒரு குட்டி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இரண்டு நாள் செய்தியையும் கொட்டித் தீர்த்தாள். அம்மா வாந்தி எடுத்தது, தம்பி சோப்பைக் கடித்தது, தொட்டில் பெரிதாக இருப்பது, கப்பலில் கடலே இல்லாமல் இருப்பது. மூன்று வாரம் பகலெல்லாம் பக்கத்தில் இருந்தும் அவர் காதில் விழாத குரல் அது. இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, மாமாவும் வந்திருக்கிறார் என்றாள்.

"எந்த மாமா?"

"நம்ம வீட்டு மாமா."

"அவரு நல்லவரா?"

பாப்பா யோசித்தாள். "தம்பிய கீழ போடல" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஆனா அவரு சாயங்காலம் ஆனா பாத்ரூம்லயே இருக்காரு. வயிறு சரியில்ல போல" என்றாள்.

என்ஜினியருக்குச் சிரிப்பு வந்தது. அது கேட்டுவிடாமல் தம்பியின் சட்டையில் வாயைப் புதைத்துக்கொண்டார். பேச்சு நின்றுபோனதைக் கண்டு அவள் இரண்டு முறை அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். அப்புறம், "நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

இதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. போனின் சுருள் கம்பி எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு கண்ணாடியை நெருங்கினார்.

"பாப்பா, திரும்பி கண்ணாடிப் பக்கம் பாரு. பாத்தியா? நான்தான்டா. நான்தான் பேசறேன்."

அவள் திரும்பினாள். ஒரு தோளில் தம்பியும் காதோரம் போனுமாக நிற்கிறவரை இமைக்காமல் பார்த்தாள். அவர் உதட்டை நன்றாக அசைத்து, அப்பா, அப்பா என்று மெல்லச் சொன்னார். அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதன் துளைகளுக்குள் உற்றுப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். டீச்சர்கூட அசையாமல் நின்றார்.

பிறகு பாப்பா நாற்காலியிலிருந்து இறங்கி, அதைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்கப்பா" என்றாள். "அந்த மாமா நம்மளயே பாத்துட்டு இருக்காரு."

உள்ளே போகலாம், போக வேண்டுமானால் போனை வைக்க வேண்டும். வைத்தால் அவளுடைய அப்பா போய்விடுவார். தம்பி அவருடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒருவர், தற்செயலாகப் பார்த்தவர் போல, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என்ஜினியர் பின்னுக்கு நடந்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்.

"சரிடா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவரு பாக்கல இப்ப. நீ சொல்லு."