தோற்றவள் நாற்காலி

எங்கள் ஸ்குவாஷ் போட்டிகளில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. தோற்றவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். அன்று காலை மூன்று கேமும் வரிசையாகத் தோற்றுவிட்டு, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே ஆட வந்தது யார்? என் அக்கா!

சொந்த அக்காவுக்கே நான் நடுவரா என்று கேட்டேன். போட்டி நடத்துபவர், "வேற ஆள் இல்லம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று நழுவிவிட்டார்.

ஜெயித்தால் வெளிநாட்டு கிளப் ஒன்று அக்காவை எட்டு மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளும். அந்த கிளப் மேனேஜர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அது வாழ்க்கை. எனக்கோ, பத்தொன்பது வயதில் முதல்முறையாகத் தனி அறை. அவள் ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட வேண்டிக்கொண்டவர் யாரும் இருக்க முடியாது.

கடைசி கேம். பத்துக்கு ஒன்பது. அக்காவுக்கு இன்னும் ஒரே பாயிண்ட். எதிராளி பந்தை முன்சுவரில் மெல்லத் தட்டிவிட்டாள். அக்கா விழுந்தடித்து ஓடினாள். அவள் எடுப்பதற்குள் பந்து தரையில் இரண்டு முறை பட்டுவிட்டது. நான் பார்த்தேன். அவள் அடித்த பந்து சுவரில் பட்டு மூலையில் போய்ச் செத்தது. எதிராளி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கேம்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா கையைத் தூக்கினாள். "ரெண்டு தடவ பட்டுச்சு. பாயிண்ட் அவங்களுக்கு."

அடிப்பாவி! வீட்டில் கையும் களவுமாகப் பிடித்தாலும் "நான் இல்லையே" என்று சாதிக்கிறவள்! பத்துக்குப் பத்து ஆனது; ஜெயிக்க இரண்டு பாயிண்ட் முந்த வேண்டும். அடுத்த இரண்டும் போய், தோற்றாள். மேனேஜர் எதிராளிக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

உடை மாற்றும் அறையில் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன கிறுக்கா? நான்தான் கண்டுக்கலையே!"

"அதான்டி பயமா இருந்துச்சு. மேல கேமரா ஓடுது. நீ பொய் சொல்லப்போறேன்னு உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. மாட்டியிருந்தா ரெண்டு வருஷம் உன்னை ஆட விடமாட்டாங்க." ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னாள். "எனக்கு என்ன, அடுத்த மாசமே இன்னொரு கிளப் ஆள் பாக்க வருது."

எந்த கிளப்பும் வரப்போவதில்லை. அது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என் கட்டிலில் குறுக்கே விழுந்து, என் தலையணையையும் இழுத்து அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். வேறு நாளாக இருந்தால் குடுமியைப் பிடித்திருப்பேன். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். அழுகை வந்து தொலைத்தது, சனியன்.