மாப்பிள்ளைக்குப் பிடித்த மாடல்

கொல்லைப்புறத்தில் மகள் துணி அலசும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும் என்று ராஜவேல் பரபரத்தார். கட்டில் தலைமாட்டில் இருந்த மகளின் லேப்டாப்பை எடுத்துப் பழைய துண்டில் சுற்றினார். ஒயர்கூடையின் அடியில் அதை வைத்து, மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் போட்டார். வாசல் வரை போனவர், சார்ஜரை மறந்துவிட்டோமே என்று திரும்பி ஓடிவந்தார். ஐம்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், சொந்த மகளின் பொருளைத் திருடுகிறவருக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்?

"மாப்ள கடலூருக்குப் பத்து மணிக்குத்தான வரச் சொன்னாரு? இப்பவே எங்க ஓடுறீங்க?" என்றாள் அவர் மனைவி செல்லாயி.

"பஸ்ஸு கெடைக்கணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார்.

குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலை அவருக்கு. ஒரே மகள் அனுப்பிரியா, சிதம்பரத்தில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். அந்தக் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான். ஆறு மாதமாக ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, எதில் எவ்வளவு உப்பு என்று சோதித்துக்கொண்டிருந்தாள். வருகிற வியாழக்கிழமை அதையெல்லாம் ஆசிரியர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அப்போதுதான் பட்டம். அந்த ஆறு மாத உழைப்பு முழுவதும் வாழைப்பழச் சீப்புக்கு அடியில்தான் இருந்தது. ராஜவேலுக்கு அது தெரியாது. மகள் நீள நோட்டில் ஏதோ எழுதுவதைப் பார்த்திருக்கிறார். படிப்பு அதில் இருக்கிறது, இது சும்மா ஒரு பெட்டி என்பது அவர் கணக்கு.

மகளிடம் கேட்டே வாங்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்டால் கொடுத்துவிடுவாள். ட்யூஷன் எடுத்துச் சேர்த்து வாங்கியதை, "எடுத்துக்கோப்பா" என்று ஒரு வார்த்தையில் கொடுத்துவிடுவாள். கொடுக்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் மனிதருக்குத் தெம்பு இல்லை.

எல்லாம் போன மாதம் நடந்த நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை அன்பரசுவுக்குச் சிதம்பரத்தில் பேங்க் வேலை. "நாங்க எதுவும் எதிர்பாக்கல, பொண்ணு வந்தா போதும்," என்றுதான் அவர்கள் வீட்டில் சொன்னார்கள். எல்லோருக்கும் நிம்மதி. பாயசம் வந்தது. அப்போது மாப்பிள்ளையின் அக்கா புருஷன் சுப்புராயன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பொதுவாக ஒரு பேச்சுப் பேசினார்.

"வீட்ல அம்மாம்பெரிய டிவி கெடக்குது. படம் பாக்கத்தான் ஒரு நல்ல பிளேயர் இல்ல. எனக்கெல்லாம் இவுங்க அப்பவே ஹோம் தியேட்டர் வச்சாங்க. கேட்டா வச்சாங்க? அவுங்களா வச்சாங்க."

கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ராஜவேல்தான் வாயைத் திறந்தார். கம்பெனி கேண்டீனில் காதில் விழுந்த ஒரு பேச்சு அந்த நேரம் பார்த்து நாக்கில் வந்து நின்றது. "அதுக்கென்னாங்க, டிஸ்க்கு போட்டும் நெட்டுலயும் படம் பாக்கறாப்ல ப்ளூ-ரே பிளேயர் வந்திருக்குதாமே, அதையே வச்சிட்டாப் போச்சு. மாப்ளயே வந்து புடிச்ச மாடலா பாத்து எடுக்கட்டும்."

யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

கூடையோடு கிளம்பிய அன்று காலை கடலூர் லாரன்ஸ் ரோட்டில், முதல் கடையிலேயே அரைமணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. அன்பரசு கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு பொருளை வாங்கப் போனால் அதை உரித்துப் பார்க்காமல் விடமாட்டான். இதில் வைஃபை உள்ளேயே இருக்கிறதா, தனியாக ஒன்று வாங்கிச் சொருக வேண்டுமா. டிவிக்குப் போகிற வயர் கூடவே வருமா. புதுப் படக் கம்பெனி ஏதாவது நெட்டில் வந்தால் இந்தப் பெட்டி அதை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டே போனான். நடுநடுவே சுப்புராயனுக்கும் போன் போட்டான்.

"வைஃபை இல்லாதத எடுக்காத மச்சான். பழைய டிவிடி செட்டத் தலையில கட்டிடப் போறானுவோ," என்று அந்தப் பக்கம் சுப்புராயன் போட்ட சத்தம் ராஜவேலுக்கும் கேட்டது.

அவர் கூடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். மாப்பிள்ளை அசந்த நேரம் பார்த்து விற்பனையாளரிடம் மெதுவாகக் கேட்டார். "பழச எடுத்துக்கிட்டுப் புதுசு குடுப்பீங்களா தம்பி?"

"டிவின்னா எடுப்போம். உங்ககிட்ட என்னா இருக்குது?"

"ஒன்னுமில்ல, சும்மா கேட்டன்."

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரையில் மகளின் படம். அடித்து ஓயும்வரை பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"யாரு மாமா?"

"கம்பெனிலேர்ந்து மாப்ள. லீவு போட்டா நிம்மதியா இருக்க வுடமாட்டானுவோ."

இரண்டாவது கடையிலும் அன்பரசுவுக்குத் திருப்தி இல்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் துபாய் செட்டு கிடைக்குமே என்று இழுத்தான். கடைக்காரர் சிரித்தார். "கெடைக்கும் சார். ஆனா ப்ளூ-ரேவுல நாட்டுக்கு நாடு வேற பூட்டு. அங்கத்து செட்டுல இங்கத்து டிஸ்க்கு பெரும்பாலும் ஓடாது. அப்பறம் வச்சிப் பூ போடத்தான் ஆவும்."

"அப்ப நம்ம சிதம்பரத்துலயே பாத்துருவம் மாமா," என்றான் அன்பரசு. ராஜவேல் தலையாட்டினார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்? செலக்‌ஷனை மாப்பிள்ளை கையில் கொடுத்தவரே அவர்தானே.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று பயம். புதுச்சத்திரம் தாண்டும்போது மறுபடியும் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ராஜவேல் தலையைக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"அப்பா, என் லேப்டாப்ப எங்கயாச்சும் எடுத்து வச்சியா? காலையிலேர்ந்து காணல."

"இல்லயே. அங்கதான் இருக்கும், நல்லாத் தேடிப் பாரும்மா."

"வீடு முழுக்கத் தேடிட்டன்பா." கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. "சரி, நீ வை. நான் பாக்கறன்."

மகளிடம் அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கூடையின் ஒயர் தொடையில் அழுத்தித் தடம் விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு மனசு. ஊர் முன்னால் சொன்ன வார்த்தை என்ன ஆவது என்று இன்னொரு மனசு. இரண்டும் அடித்துக்கொள்வதற்குள் சிதம்பரம் வந்துவிட்டது.

தெற்கு வீதியில் ராபர்ட் என்பவரின் கடை. பழைய சாமான் எதுவானாலும் எடுத்துக்கொள்ளப்படும் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தது. அன்பரசு அங்கே இரண்டு மாடல்களை எதிரெதிரே வைத்து, இரண்டு கையிலும் இரண்டு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ராபர்ட்டுக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். "வீட்ல நெட்டு இருக்குதுங்களா?"

"இனிமேதான் போடணும்."

"டிஸ்க்கு எத்தன வச்சிருக்கீங்க?"

"ஒன்னும் வாங்கல இன்னும்."

"டிஸ்க்கும் இல்ல, நெட்டும் இல்ல. ரிமோட்டு மட்டும் ரெண்டு கையிலயும் இருக்குது." அவர் சிரித்தார். "நல்லாப் பாத்து எடுங்க. கடை எங்கயும் ஓடாது."

அன்பரசு அசடு வழியச் சிரித்துவிட்டு, மறுபடியும் ரிமோட்டுகளைப் பார்த்தான். ராஜவேல் ராபர்ட்டைக் கல்லாப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். வாழைப்பழத்தை வெளியே வைத்தார். துண்டைப் பிரித்தார்.

"இத எடுத்துக்கிட்டு மிச்சத்துக்கு நான் ரொக்கமாக் குடுத்தர்றன். மாப்ளைக்குத் தெரிய வேணாம்."

ராபர்ட் லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினார். திரையில் அனுப்பிரியா என்ற பெயர் வந்து நின்றது. "நல்லா வச்சிருக்காங்க. பாஸ்வேர்ட் என்னாங்க?"

"அது... தெரியாதுங்களே."

"பரவால்ல. எப்படியும் உள்ள இருக்கறது எல்லாத்தயும் அழிச்சிட்டுத்தான் நாங்க எடுப்போம்."

"உள்ள என்னா இருக்குது?" என்றார் ராஜவேல்.

ராபர்ட் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கெப்படித் தெரியும்? படிக்கிற புள்ளையோடதுன்னா அது படிச்சது இருக்கும்."

"அதெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்குது."

"இப்ப எந்தப் புள்ளைங்க நோட்டுல வச்சிக்குது? எல்லாம் இதுக்குள்ளதான்."

ராஜவேல் லேப்டாப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் கடையின் அந்தப் பக்கத்தில் அன்பரசுவின் போன் அடித்தது. ஒரு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான். மகளின் குரல் எட்டடி தள்ளி நின்ற அப்பாவுக்கும் கேட்டது. அவ்வளவு பதற்றமாகப் பேசினாள்.

"ஏங்க, என் லேப்டாப்பக் காணோங்க. அப்பாகிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியலங்குறாரு. யாரோ வீடு பூந்து எடுத்துட்டாங்கன்னு நெனக்கிறேன். ஆறு மாசமா செஞ்சது எல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் எடுத்து வைக்கல. வியாழக்கெழம நான் போயி வெறுங்கையோடயா நிப்பேன்? போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீங்க கொஞ்சம் கூட வர்றீங்களா?"

அன்பரசு பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கல்லாப் பக்கம் பார்த்தான். வாழைப்பழச் சீப்பு. பிரிந்து கிடந்த துண்டு. திறந்திருந்த லேப்டாப்பில் அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளின் பெயர். அதன் பக்கத்தில், வெளியே விட்ட மூச்சை உள்ளே இழுக்க மறந்தவர்போல் மாமனார். அன்பரசுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா கல்யாணத்தில் சுப்புராயனுக்கு ஹோம் தியேட்டர் வைத்த வாரம், வீட்டிலிருந்து அவன் அம்மாவின் தையல் மிஷின் காணாமல் போனது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அம்மா சொன்னாள். அது திரும்பி வரவே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

"போலீசுக்குப் போவாத அனு," என்றான். "லேப்டாப்பு பத்திரமா இருக்குது."

"எங்க இருக்கு? யாரு எடுத்தது?"

"நான்தான் எடுத்தன்."

"நீங்க எங்க வீட்டுப் பக்கமே வரலயே."

"வராமயே எடுத்துட்டன்," என்றான் அன்பரசு. "சாயந்தரத்துக்குள்ள நானே கொண்டாந்து தர்றன்."

இன்னொரு ரிமோட்டையும் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தான். லேப்டாப்பை மூடி அதே துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து, பழச் சீப்பை மேலே போட்டான். "எனக்கு வியாபாரம் போவுது, இருந்தாலும் சொல்றன்," என்றார் ராபர்ட். "நெட்டுப் படந்தான் பாக்கணும்னா, ஒரு லேப்டாப்புலேர்ந்து டிவிக்கு ஒத்த வயரு போதும். அத நாளைக்கு வந்துகூட வாங்கிக்கலாம்."

வெளியே வந்ததும் ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு என்னுதுதான் மாப்ள. நீங்க யாரும் கேக்கல. நான்தான் மொதல்ல வாய வுட்டன்."

"எங்க சுப்புராயன் மாமா பேச்சோட பேச்சா சொல்லி வச்சாரு. நீங்க பயந்துகிட்டு ஒத்துக்கிட்டீங்க. நான் ரிமோட்ட அமுத்திப் பாத்துகிட்டு நின்னன். யாருமே கேக்கல மாமா, ஆனா வீட்டுலேர்ந்து பொருளு கெளம்பிடுச்சு."

அப்போது சுப்புராயனிடமிருந்தே போன் வந்தது. "என்னா மச்சான், எந்த மாடலு எடுத்த?"

"எதுவும் எடுக்கல மாமா."

"ஏன், ஸ்டாக்கு இல்லியா?"

"ஸ்டாக்கு இருக்குது. வாங்கிக்கத்தான் எனக்கு மனசு இல்ல. வீட்டுக்கு வந்து பேசறன். அம்மாவோட தையல் மிஷின் பத்தியும் பேசணும்." அந்தப் பக்கம் சுப்புராயன் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்க, அவன் போனை வைத்துவிட்டான்.

அவர்கள் குடிகாடு போய்ச் சேர்ந்தபோது அனுப்பிரியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்பரசு கையில் இருந்த கூடையையும், அப்பாவின் குனிந்த தலையையும் பார்த்தாள். லேப்டாப்பை வாங்கித் தரையில் வைத்துத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிணறு, தேதி, உப்பு எல்லாம் இருந்தன. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல, அப்பா?"

"அதுக்குத்தாம்மா பயந்தன்," என்றார் ராஜவேல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்பரசுவைப் பார்த்தாள். "வியாழக்கெழம நான் பேசும்போது ரெண்டு பேரும் கடைசி பெஞ்சில வந்து உக்காரணும். மனசுக்குள்ள வச்சிருக்கறத இப்பவே சொல்லிடறேன். 'எதுவும் வேணாம்'னு சொல்லிட்டு மூஞ்சியப் பாத்துகிட்டு ஒக்காந்திருக்கறதும் வரதட்சண கேக்கறதுதான். கேக்கறதுக்கு முன்னாடியே பயந்துகிட்டு அள்ளி வைக்கறதும் வரதட்சண குடுக்கறதுதான். என் கல்யாணத்துல ரெண்டும் வேணாம்."

அன்பரசு தலையாட்டினான். ராஜவேலும் ஆட்டினார். செல்லாயி வந்து, கூடையில் கிடந்த பழத்தை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். நாள் முழுக்க நசுங்கிக் கிடந்த பழம். அதை அங்கேயே நின்றபடி உரித்துத் தின்றார்கள்.