பட்டியலில் இல்லாத கோடாலி

அத்தையின் வீட்டு வாசலில் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போன லுபாண்டோ மாமா என் அம்மாவுக்கு அண்ணன். எங்கள் பெம்பா ஜனங்களில் ஒருவர் சொத்து அவருடைய சகோதரி பிள்ளைக்குத்தான் போகும். பெண்டாட்டியும் பெற்ற பிள்ளைகளும் வேறு குலம். தச்சு வேலை செய்து மாமா ம்பிக்கா ஊரில் கட்டிய செங்கல் வீடு, தையல் மெஷின், நாலு நாற்காலி எல்லாம் என்னுடையவை என்று நினைத்தே நான் வளர்ந்தேன்.

வாசலில் மாமாவின் பெண்டாட்டி சிலெக்வா அத்தை கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு போலீஸ் சார்ஜென்ட், கையில் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதிய காகிதத்தோடு.

"போன வருஷமே தலைநகர் லுசாக்காவுல சட்டம் போட்டாச்சு. வீடு பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும். மீறி சாமானைக் கிளப்புனா ஜெயில்தான். யாருக்கு ஆசையோ முன்னாடி வாங்க" என்றார் அவர்.

யாரும் போகவில்லை. என்னோடு வந்த பெரியம்மா மகன்கள் மூன்று பேரும் லாரி டயரை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாசா மட்டும் சிரித்தார். அவர் மீன் குலம், நாங்கள் முதலைக் குலம். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் மீன் குலத்தார் வந்து கேலி செய்வது முறை. அதற்குக் கோபப்படக் கூடாது.

"முதலை வாயைப் பொளந்துக்கிட்டு வந்துச்சு. உள்ள ஒரு பல்லையும் காணோமே" என்றார்.

கோபப்படக் கூடாதுதான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முற்றத்தில் விறகுக் கட்டையில் மாமாவின் கோடாலி கொத்தி நின்றது. ஒரே இழுப்பில் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

சார்ஜென்ட் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "கோடாலி இந்தப் பட்டியல்ல இல்ல. எடுத்துக்கிட்டுத் தொலை."

"கத்தோங்கோ, அதை வெச்சிரு. வேணும்னா நாற்காலி நாலையும் ஏத்திக்கிட்டுப் போ" என்றாள் அத்தை.

நாற்காலியைக் கொடுக்கிறவள் துருப்பிடித்த கோடாலிக்கு ஏன் கெஞ்சுகிறாள் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபக்காரனுக்கு எது உறைத்தது?

எங்களில் செத்தவர் பேரை அநாதையாக விட மாட்டார்கள். வாரிசைப் பாயில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆவியிடம் பக்குவமாகப் பேசி, செத்தவருடைய கோடாலியை அவன் கையில் கொடுத்து, அவர் பேராலேயே அவனைக் கூப்பிடுவார்கள். அதன்பிறகு ஆவி அடங்கிவிடும். ஆனால் இந்த முறை எங்கள் குலத்துப் பெரியவர்கள் சடங்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டைச் சட்டம் எடுத்துக்கிச்சுல்ல? செத்தவன் பேரையும் அந்தச் சட்டமே சுமக்கட்டும்" என்று வீம்பு. நானும் அதற்குத் தலையாட்டியவன்தான்.

சிப்பாசா எழுந்து என் பக்கத்தில் வந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "யாரும் குடுக்காம நீயா எடுத்துட்டியே. கூட வர்றவரை யாரு தடுக்கறது?" என்றார். அதையும் கேலி என்று நினைத்துக்கொண்டு லாரியில் ஏறினேன்.

அம்மா இருக்கும் கிராமத்துக்கு நான் போகவில்லை. வெறும் கையோடு போக மானம் இடம் கொடுக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த என் வாடகை அறையிலேயே கிடந்தேன்.

இரண்டாம் நாள் சந்தையில், மூக்குப்பொடி விற்கிறவள் நான் கேட்காமலே ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அந்தப் பழக்கம் மாமாவுக்குத்தான் உண்டு, எனக்குக் கிடையாது. ஆனாலும் என் விரல்கள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, மூக்கில் வைத்து உறிஞ்சின. தும்மல்கூட வரவில்லை. மூன்றாம் நாள் தபால் ஆபீஸ் எதிரே மாமாவின் கடைசி மகள் கசூபா, இரண்டு வயதுக் குழந்தை, அக்காவின் முதுகிலிருந்து என்னைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். "அப்பா" என்றாள். மாமா நெடுநெடுவென்று கறுப்பாக இருப்பார். நான் குட்டை, சிவப்பு. அக்காக்காரி என்னைப் பார்க்காமலே வேகமாக நடந்தாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தை ஒப்புக்கொள்ளாமல் வக்கணை பேசுவது என் வழக்கம். அதனால் நேராக உள்ளூர் கோர்ட்டுக்குப் போய், லுபாண்டோ மாமாவின் வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லி, மனு எழுத வரிசையில் நின்றேன்.

"பேரு?" என்றாள் குமாஸ்தா பெண்.

"கத்தோங்கோ."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "செத்தவர் பேரை அப்புறம் கேக்கறேன். இப்ப உங்க பேரைச் சொல்லுங்க."

"என் பேரைத்தாம்மா சொன்னேன். கத்தோங்கோ."

"ஐயா, விளையாடாதீங்க. மறுபடியும் லுபாண்டோன்னுதான் சொல்றீங்க."

என் காதில் கத்தோங்கோ என்றுதான் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற கிழவரிடம் திரும்பி, "நான் என்ன பேர் சொன்னேன்?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே போய்விட்டார். பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன். காகிதத்தில் மாமாவின் சாய்ந்த கையெழுத்து இருந்தது.

அறைக்கு ஓடி, கோடாலியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"அத்தை, தெரியாம எடுத்துட்டேன். இந்தாங்க, திருப்பி வெச்சுக்கங்க. வீடு வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கோடாலியையே பார்த்தாள். பதினேழு வருஷம் புருஷனிடம் பேசிய அதே தாழ்ந்த குரலில் பேசினாள்.

"என்னங்க, எங்களை நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. இல்லேங்கலை. ஆனா இந்த வீடு இப்ப எனக்கும் பிள்ளைகளுக்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. செத்தவங்களுக்கு இதுல பங்கு இல்லைங்க. உங்க ஆளுங்ககிட்டப் போங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்காக லாரி கொண்டுவந்தவன் நான். இப்போது வீட்டைப் பற்றி நினைக்கக்கூட என்னால் முடியவில்லை. என் பேரை ஒரே ஒருமுறை யாராவது சொன்னால் போதும் என்று இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கவே முடியாதவள் ஒருத்தி உண்டு. அந்தப் பேரை எனக்கு வைத்தவள் அவள். பஸ் பிடித்தேன்.

இரண்டு மணி நேரப் பயணம். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பஸ் நிறையக் கூட்டம் நின்றுகொண்டே வந்தது.

அம்மா முற்றத்தில் மரவள்ளிக்கிழங்கைத் துண்டு போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு முழங்காலிட்டு, தலையைத் தாழ்த்தி, மெதுவாகக் கைதட்டினாள். வீட்டுக்கு மூத்த ஆண் வந்தால் பெண்கள் செய்யும் மரியாதை அது. பெற்ற மகனுக்கு எந்தத் தாயும் அதைச் செய்ய மாட்டாள்.

"அம்மா, நான் கத்தோங்கோ" என்று கத்தினேன்.

"தெரியுதுண்ணே, கத்தாதீங்க. சட்டத்து மேல இருந்த கோவத்துல உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டுட்டோம். எங்க தப்புதான், மன்னிச்சிருங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். இனி எதைச் சொன்னாலும் அவர்தான் பேசுவார். அம்மா என்னைத் தாண்டி, பஸ் வந்த பாதையை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எம் பையன் லாரியை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான்ணே வந்தான். அவனை எங்க விட்டுட்டு வந்தீங்க?"