ஒல்லிப்பிச்சான் டிவிடி

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் செல்வினுக்கு என்ன வேலை என்றால், கம்பெனி ஆப்பில் ஓடும் வீடியோ எல்லாப் போனிலும் கோணாமல் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அப்பேர்ப்பட்டவனால் சொந்த மகளின் முதல் பிறந்தநாளை ஒரு டிவிடியில் ஒழுங்காக ஏற்ற முடியவில்லை.

இந்தக் காலத்தில் டிவிடி எதற்கு என்று கேட்பீர்கள். அவன் அப்பா சத்தியதாஸ் இருப்பது மலைமேல் போனக்காடு எஸ்டேட்டில். அங்கே போனில் சிக்னல் கிடைக்க வளைவு ரோடு வரை நடக்க வேண்டும். வீட்டில் இருப்பது முதுகு தள்ளிய பழைய டிவியும் அதனடியில் ஒரு பிளேயரும்தான். அதைவிடப் பெரிய தடங்கல், அப்பா மகனோடு பேசுவதில்லை. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண் ஸ்மிதாவைச் செல்வின் சொல்லாமல் கொள்ளாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்த அன்று, "இனி அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்றவர், அதிலேயே நின்றுவிட்டார். பேத்தியை இன்னும் பார்க்கவில்லை. படத்திலாவது பார்த்தால் மனசு இளகாதா என்பதுதான் செல்வினின் ஆசையெல்லாம்.

முதல் டிஸ்க்கில் போன் வீடியோவை அப்படியே காப்பி செய்து அனுப்பினான். பிளேயர் அதை விழுங்கிப் பார்த்து, டிஸ்க்கே இல்லை என்று சாதித்துவிட்டது. அம்மா ஜெபமலர் வளைவு ரோட்டில் நின்று போன் செய்தாள்.

"மக்களே, காலி டிஸ்க்கை அனுப்பிட்டியா? அவனுக்க படிப்பு இதுக்குத்தானான்னு அப்பா கேக்காரு."

மானம் போயிற்று. இரண்டாம் தடவை முறைப்படி செய்தான். பழைய பிளேயருக்குப் புரிகிற ஃபார்மட்டுக்கு மாற்றி, மெனு வைத்து, மெனுவில் ரோஜாப்பூவும் வைத்து எழுதினான். ஒன்றே ஒன்றை மறந்தான். இது அகலப் படம் என்று டிஸ்க்குக்குச் சொல்லவில்லை. அந்த டிவி படத்தை இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கித் தன் சதுரத்துக்குள் திணித்துக்கொண்டது.

மறுபடியும் வளைவு ரோடு. அம்மாவின் போன்.

"பிள்ளை என்ன மக்களே, முருங்கைக்கா போல இருக்கு? அப்பாவுக்குச் சோறு இறங்கல்ல. தயிரும் பருப்பும் குடுத்தா பின்ன எப்படி இருக்கும்னு ஒரே ஏச்சு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஸ்மிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் குழந்தையைப் பட்டினி போடறேனாமா? தூக்கினா என் இடுப்பு ஒடியறது!"

"அம்மா, அது படத்துக்க அகலக் கணக்கு..." என்று ஆரம்பித்தான் செல்வின்.

"கணக்கு கிடக்கட்டும். பிள்ளைக்கு முட்டை குடு" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

இளகவேண்டிய மனசு இன்னும் இறுகிவிட்டதே என்று அவனுக்கு அழுகையே வந்தது. அகலத்தைச் சரிசெய்து மூன்றாவது டிஸ்க்கை எழுதினான். அதை அனுப்பக் கிளம்பும்போது காலிங்பெல் அடித்தது.

வெளியே சத்தியதாஸ். ஒரு கையில் முட்டைக் கூடை, இன்னொரு கையில் கருவாட்டுப் பொட்டலம். சொன்ன சொல் தவறாமல் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"பிள்ளையைக் கொண்டா" என்றார், யாரையும் பார்க்காமல்.

"உள்ள வாங்கோப்பா" என்றாள் ஸ்மிதா. கருவாட்டு வாடைக்கு மூக்கைச் சுளிக்காமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கூடையையும் பொட்டலத்தையும் வாங்கிவைத்துவிட்டுக் குழந்தையை நீட்டினாள்.

குழந்தை பூசணிக்காய். வாங்கிய வேகத்தில் கிழவரின் கை தாழ்ந்தது. படத்தில் ஏமாற்றிவிட்டான் என்று இவர் அப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்று செல்வின் முந்திக்கொண்டான்.

"அப்பா, தப்பு எனக்க தப்புதான். அகலத்தை விட்டுட்டேன். பிள்ளை நல்லாத்தான்..."

"தெரியும்லே. அந்தப் படத்துல உங்க ஸ்கூட்டர் டயரும் முட்டை போலத்தான் நின்னுது. டயரையும் பட்டினி போட்டீங்களா?"

"பின்ன என்னத்துக்கு இவ்வளவு தூரம்...?"

பேத்தி அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுபட்ட முகத்தோடே வாசலைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கம்மைக்கிட்ட டயர் கதையெல்லாம் சொல்லாத, கேட்டியா?" என்றார். "பிள்ளை மெலிஞ்சுதான் இருக்கு, அப்பா அடிக்கடி வந்து பாக்கணும்னு சொல்லு."

செல்வின் மூன்றாவது டிஸ்க்கை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான்.