சுவீடன் பல்லியின் விரதம்

இந்திரகுமார் பல்லி வாங்கியதற்குக் காரணம், அவன் மனைவி சிறிதேவி ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்ன ஒரு வசனம்.

"இந்த வீட்டிலை ஒரு பல்லி கூட இல்லை."

அவள் சொன்னது பல்லியைப் பற்றியல்ல. ஆனால் நேராகச் சொன்னாலே பாதிதான் விளங்கும் ஆள் இந்திரகுமார். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. நாள் முழுக்க இயந்திரங்கள் காதுக்குள் இரையும். நோர்வேயில், ஸ்டோவ்னர் குடியிருப்பின் ஏழாம் மாடிக்கு வந்து கதவைப் பூட்டினால் வாயையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். பத்து வருடம் தனியே இருந்தவன். மௌனமும் வீட்டுச் சாமான்களில் ஒன்றென்று நினைத்திருந்தான். சிறிதேவியோ சாவகச்சேரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கும் வீட்டில் வளர்ந்தவள். அங்கே ஆட்கள் ஓய்ந்தால் சுவரில் பல்லி தொடங்கும். யாராவது ஒன்றைச் சொல்லி வாய் மூடுமுன் அது "ச்சுக் ச்சுக்" என்றால், சொன்னது மெய் என்று அர்த்தம். உடனே விரலை மடக்கி நிலத்தில் தட்டிக்கொள்வார்கள். இங்கே அவள் என்ன சொன்னாலும் ஆமோதிக்க ஆளுமில்லை, பல்லியுமில்லை.

அது ஊரில் போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலம். அந்த இடைவெளியில்தான் இந்திரகுமார் ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டி வந்தான். நோர்வேக்காரர் விமானம் ஏறிப் போய் இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் இருத்திக் கதைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோவ்னரில் ஏழாம் மாடிக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.

நோர்வேயின் இன்னொரு நகரமான பேர்கனில் இருந்த சிறிதேவியின் அக்கா கஜேந்தினி மட்டும் தினமும் தொலைபேசியில் வந்தாள். "பொங்கலோடை இஞ்சை வந்திடு. ஆஸ்பத்திரிக் குசினியிலை சமையல் வேலை இருக்குது. அந்த ஊமையனோடை இருந்து என்ன செய்யப்போறாய்?" அக்காவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பக்கத்து அறையில் இருந்த ஊமையனுக்கும் கேட்டது. சிறிதேவி மறுக்காததும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் சுவீடனுக்குப் போனான்.

நோர்வேயில் அப்போது பல்லி வளர்ப்பது சட்டப்படி குற்றம். மான் சுடலாம், திமிங்கிலம் தின்னலாம், பல்லி வைத்திருக்கக்கூடாது. சலவைப் பகுதியில் கூட வேலை செய்த கெய்ர், வீட்டு நிலவறையில் கள்ளமாக இரண்டு பாம்பு வளர்ப்பவன். எல்லைக்கு அப்பால் மலிவு இறைச்சி வாங்கப் போகும்போது இந்திரகுமாரையும் ஏற்றிக்கொண்டான்.

கடையில் விதவிதமான பல்லிகள் இருந்தன. சில கண்ணாடியில் ஏறி ஓடின. கடைக்காரனே பிடிக்கச் சிரமப்பட்டான். ஒன்று மட்டும் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளியோடு, கொழுத்த வாலை மடித்து மூலையில் அமைதியாக இருந்தது. இதுதான் குடும்பத்துக்கு ஏற்ற பல்லி என்று இந்திரகுமார் தீர்மானித்தான். கூடவே ஒரு பெட்டி நிறைய உயிருள்ள சில்லூறுப் பூச்சிகளும், ஒரு டப்பா மாப்புழுவும் கொடுத்தார்கள். திரும்பும்போது சுங்கக்காரர்கள் மறித்து, கெய்ர் அளவுக்கு மிஞ்சி வாங்கிய பன்றியிறைச்சிக்காக அவனைப் பிடித்து ஏசினார்கள். அவ்வளவு நேரமும் பல்லி இந்திரகுமாரின் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது.

சிறிதேவி கண்ணாடித் தொட்டியை நெடுநேரம் பார்த்தாள்.

"இது என்ன?"

"பல்லி."

"பல்லி கண்ணிமைக்குமே?"

இந்திரகுமாரும் குனிந்து பார்த்தான். அது இமைத்தது.

"சுவீடன் பல்லி," என்றான்.

அவள் அதைத் துணியால் பிடித்துச் சுவரில் வைத்தாள். பல்லி கால்களை விரித்தபடி வழுக்கி வந்து சோபாவில் விழுந்தது. திரும்ப வைத்தாள். திரும்ப விழுந்தது.

"சுவரிலை ஏறாத பல்லியை உலகத்திலை நீங்கள் ஒராள்தான் காசு குடுத்து வாங்கியிருப்பியள்."

ஆனாலும் அவள் சிரித்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அதை இரண்டாவது தரமாகப் பார்க்கிறான். பல்லி இருக்கவேண்டிய இடம் சுவர்தானே என்று, தொட்டியை வெளிச்சுவரோரம் சுவாமித் தட்டுக்குப் பக்கத்தில் உயர வைத்தான். பல்லி எதுவும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அது எதுவும் தின்னவில்லை.

சில்லூறை உள்ளே விட்டால், அது பல்லியின் தலையில் ஏறி உட்கார்ந்து மீசை தடவியது. பல்லி கண்ணை மூடிக்கொண்டது. மாப்புழுவைக் கிண்ணத்தில் போட்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. இந்திரகுமார் முடி பிடுங்கும் குறட்டால் ஒரு புழுவைப் பிடித்து அதன் வாயருகே ஆட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றான். சிறிதேவி குழந்தைக்கு ஊட்டுவதுபோல் "ஆ... ஆ..." என்று வாயைத் திறந்து காட்டினாள். பல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, மரக்கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. கட்டையை எடுத்துவிட்டுத் திரும்பவும் ஊட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வேறு குறுக்கே வந்தது.

"இண்டைக்கு வீட்டிலை மச்சமாமிசம் புழங்கக்கூடாது," என்றாள் சிறிதேவி.

"புழுவும் மச்சமே?"

"பின்னை மரக்கறியே? தயிருக்குப் பக்கத்திலை புழு டப்பாவை வைச்சதே பிழை. வெளியிலை எடுங்கோ."

புழு டப்பா பல்கனியில் உறைபனிக்குப் போனது. பல்லிக்கு அன்று பருப்புச் சோறு. அதையும் அது தின்னவில்லை. அவள் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டியபோது தொட்டிக்கும் சேர்த்துக் காட்டினாள். பல்லி தும்மியது போலிருந்தது. காலையில் பார்த்தால் புழுக்கள் எல்லாம் விறைத்துச் செத்திருந்தன. வெள்ளி விரதத்தில் உயிர் தப்பியவை பல்லியும் சில்லூறும்தான்.

வேலையில் கெய்ர் கேட்டபோதெல்லாம், நன்றாகச் சாப்பிடுகிறது என்று இந்திரகுமார் சொல்லிவந்தான். சுவரில் ஏறாத பல்லியைத் தெரிந்தெடுத்தவன், அதைச் சாப்பிட வைக்கவும் தெரியாதவன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

பல்லியின் கொழுத்த வால் மெலியத் தொடங்கியது. சிறிதேவி சிரிப்பதை நிறுத்தினாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லுறன். பல்லி செத்த வீட்டிலை நான் இருக்கமாட்டன். இது செத்தால் நான் பேர்கனுக்குப் போறன். பிறகு என்னைத் தேடி வரவேண்டாம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றே அலுமாரிக்கு மேலிருந்த பயணப்பெட்டி கீழே இறங்கியது.

மறுநாள் இந்திரகுமார் கெய்ரிடம் போய், பல்லி ஏன் தின்னவில்லை என்று கேட்டான். வேலை சம்பந்தமில்லாத ஒரு கேள்வியை இந்திரகுமார் அவனிடம் கேட்டது அதுதான் முதல் தரம். கெய்ர் சிரிக்கவில்லை. தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான். சொன்னான். அந்தச் சுவர் குளிருமா என்று கேட்டான். குளிரும். நீங்கள் அதைத் தூக்குகிறீர்களா? தூக்குகிறோம். பார்த்துக்கொண்டே நிற்கிறீர்களா? ஓம், முறை வைத்து.

உன்னைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு குளிர்பெட்டியில் அடைத்து, இரண்டு பூதங்கள் வாயைத் திறந்து காட்டினால் நீ சாப்பிடுவாயா என்று கெய்ர் கேட்டான். அது சுவர்ப் பல்லியல்ல, தரைப் பல்லி. வயிற்றுக்குக் கீழே சூடு வேண்டும், ஒளிக்க இடம் வேண்டும், இருட்டு வேண்டும். எல்லாவற்றையும் விட, அதைச் சும்மா விட வேண்டும்.

அந்த வீட்டில் கீழிருந்து சூடாகும் இடம் ஒன்றுதான். குளியலறை. நிலத்து மாபிளுக்குக் கீழே சூட்டுக் கம்பி ஓடியது. இந்திரகுமார் தொட்டியை அங்கே இறக்கி, மரக்கட்டையைத் திருப்பி வைத்து, மேலே துவாயைப் போட்டு மூடினான். இரண்டு நாள் ஒருவரும் அதைத் தொடவில்லை. குளிக்கும்போது கூடப் பல்லிக்கு முதுகைக் காட்டியே குளித்தார்கள்.

ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கே இருண்டுவிட்டது. மிஞ்சியிருந்த சில்லூறு கொஞ்சம்தான். அதில் ஒன்றை உள்ளே விட்டு, துவாயின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் கதவடியில் சூடான நிலத்தில் உட்கார்ந்தார்கள். கதவுக்கு வெளியே நடையில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. ஒருவரையொருவர் பார்க்கத் தேவையில்லாத இருட்டு. அது இந்திரகுமாருக்குத் தோதாக இருந்தது.

"பேர்கனுக்கு ரிக்கற் பாக்கட்டோ எண்டு அக்கா கேக்கிறா," என்றாள் சிறிதேவி மெதுவாக.

அவன் மனதில் இருந்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"நீர் போறதெண்டால் போம். நான் சமாளிப்பன். பத்து வருசம் தனிய இருந்தனான்தானே."

அந்த நேரம் பார்த்துத்தான் பல்லி பாய்ந்தது. "சக்" என்று ஒரு சத்தம். சில்லூறின் பின்னங்கால் வாய்க்கு வெளியே ஆடியது. பிறகு நிதானமாக, "சப், சப், சப்."

சிறிதேவி விரலை மடக்கி மாபிளில் மூன்றுதரம் தட்டினாள்.

"சொல்லிப்போட்டுது," என்றாள்.

"என்ன சொன்னது?"

"நீங்கள் சமாளிப்பியளாம்."

இந்திரகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இஞ்சேரும், அது சொன்னதில்லை. சாப்பிட்ட சத்தம்!"

"பல்லி வாயிலையிருந்து வந்தது பல்லிச் சத்தம்தான்."

"உதுக்குச் சுவரிலை ஏறவே தெரியாது! கண்ணிமைக்கிற பல்லி! உதின்ரை கதையை ஆரும் நம்புவினமே? உது பொய்!"

"பல்லி சொன்னது பொய்யெண்டால் நீங்கள் சொன்னதும் பொய்."

"ஓம், பொய்தான்!"

"அப்ப மெய் என்ன?"

இந்திரகுமார் இருட்டில் பல்லியைப் பார்த்தான். அது அடுத்த சில்லூறுக்குக் காத்திருந்தது. இவர்களுக்கு உதவுவதாக இல்லை.

"என்னாலை ஏலாது," என்றான். "முந்தி ஏலும். இப்ப நீர் போனால் ஏலாது. போகவேண்டாம்."

கல்யாணமான ஐந்து மாதத்தில் அவன் ஒரே மூச்சில் கதைத்த மிக நீளமான பேச்சு அதுதான். 

"இதைச் சொல்ல உங்களுக்குச் சுவீடன் போகவேண்டியிருந்தது," என்றாள் சிறிதேவி. பிறகு, "இன்னொண்டு போடுங்கோ. பாவம், பசியோடை கிடக்குது."

அவன் பெட்டியைத் திறந்தான். இருட்டில் மூடி முழுதாகக் கழன்றது. இருந்த சில்லூறெல்லாம் ஒரே பாய்ச்சலில் வெளியேறிச் சலவை இயந்திரத்துக்குக் கீழே போய் மறைந்தன. ஒன்று உடனே பாடத் தொடங்கியது.

"பெட்டி கூடத் திறக்கத் தெரியாது. உங்களை நம்பி இந்தச் சீவனை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?" சிறிதேவி எழுந்து விளக்கைப் போட்டாள். "தும்புத்தடியாலை கூட்டிப் பிடிப்பம், எடுத்துக்கொண்டு வாங்கோ."

இருவரும் நிலத்தில் குப்புறப் படுத்துச் சில்லூறு பிடித்துக்கொண்டிருக்கும்போது கஜேந்தினியின் அழைப்பு வந்தது. சிறிதேவி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"ரிக்கற் பாக்கவேண்டாம் அக்கா. இஞ்சை இரண்டு பேர் இப்பதான் வாய் திறந்திருக்கினம். விட்டிட்டு வர ஏலாது."

"இரண்டு பேரோ? உன்ரை மனுசனை விட்டால் அந்த வீட்டிலை வேறை ஆரடி?"

"பல்லி," என்றாள் சிறிதேவி. "பிறகு எடுக்கிறன் அக்கா, ஒண்டு ஓடுது."