படிக்கட்டு எந்தப் பக்கம்

பஸ் கிறுக்கு என்றால் கலையரசிதான். களமருதூர் நிறுத்தத்தில் நின்றபடியே, வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் இரைச்சலை வைத்து எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவாள். அவளைப்போல ஆயிரத்துச் சொச்சம் பேர் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ஒரு விளையாட்டு. யாராவது ஒரு புளுகுப் படம் போடுவார்கள். அதில் ஒரு தப்பை ஒளித்து வைத்திருப்பார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பாராட்டு. படத்தில் கல்வராயன் மலைக்கு மாடி பஸ் விட்டவளே கலையரசிதான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்கள் அவை. எங்கு பார்த்தாலும் மறியல், பஸ்கள்மேல் கல்வீச்சு. அந்த வாரம் அவள் தன் ஊர் டவுன் பஸ்ஸின் கண்ணாடியைப் படத்தில் உடைத்தாள். பிறகு முழுப் படத்தையும் இடவலமாகத் திருப்பி, ஊர்ப் பலகையையும் நம்பரையும் மட்டும் நேராக ஒட்டினாள். இடப்பக்கம் இருக்கவேண்டிய படிக்கட்டு வலப்பக்கம் போய்விட்டது. குழுவில் மூன்றாவது நிமிடமே ஒருவர் பிடித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள், கண்ணுகளா. யாரோ ஒருவன் படத்தை மட்டும் எடுத்து வாட்ஸப்பில் விட்டான். வெளியே யார் படிக்கட்டைப் பார்த்தார்கள்? உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார்கள். கரும்பு வெட்டப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்த பச்சமுத்து அவர். துண்டில் முடிந்து கையில் வைத்திருந்த சோற்றைக் கல் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவர் மனைவி இருசம்மாள் கலையரசியின் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. "நீ போட்ட படமாமே?" என்று மட்டும் கேட்டாள்.

கலையரசி குழுவை நடத்தும் வெங்கடேசனுக்குப் போன் போட்டாள். படத்தை அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னார் அவர். "விளையாட்டுக்குப் போட்டதும்மா. நாம இன்னா கலவரமா பண்ணோம்?"

"அழிச்சா நம்ம கிட்ட இருக்கறதுதான் போவும்ண்ணா. ஊரெல்லாம் சுத்திக்கினு இருக்கறது போவாது. நீங்க சிரிச்சிங்க. அவரு உள்ள குந்திக்கினு இருக்காரு."

குழுவில் போட்டிருந்த படத்துக்கு மேலே எழுதினாள்: 'இது பொய். செய்தது நான். களமருதூர் கலையரசி.' அரை மணி நேரத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கட்டும் என்று இருசம்மாளோடு பஸ் ஏறினாள். அதே டவுன் பஸ். கண்ணாடி எல்லாம் முழுசாக இருந்தது.

கண்ணாடி உடையவே இல்லை என்று அவள் சொன்னதை ஸ்டேஷனில் ஏட்டு காதில் வாங்கவில்லை. கண்ணாடியை மாற்றியிருப்பார்கள் என்றார்.

"கண்ணாடிய வுடுங்க சார். படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்குது பாருங்க."

அவர் போனை வாங்கினார். வெளியே சாலையில் போன ஒரு பஸ்ஸைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். திருத்தாத அசல் படத்தையும் அவள் காட்டினாள். அதில் கண்ணாடி உடையவில்லை. ஏட்டு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த நேரத்துல பொய்ப் படம் போட்டா கேஸ் உன்மேல வரும், தெரியுமா?"

"எழுதிக்குங்க சார். மொதல்ல அவர அனுப்புங்க."

சாயங்காலம் விட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் பச்சமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரவு வெங்கடேசன் கூப்பிட்டார். தன் போனை யாரோ எடுத்து அந்தப் படத்தைப் போட்டுவிட்டதாக அவள் ஒரு வரி எழுதினால் குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்வாராம். "ஒரு பொய்யே போதும்ண்ணா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் பச்சமுத்து தாமாகவே அவள் எதிரே வந்து நின்றார். பஸ் வந்து நின்றது. கூலிக்குப் போகிறவர்கள் ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டு முடிச்சை அவிழ்த்துக் கையில் ஏந்தினார். கேழ்வரகுக் களியும் ஒரு பச்சை மிளகாயும்.

"இப்ப படம் புடி," என்றார். "எத்தயும் மாத்தாத போடு."

அவள் படம் எடுத்தாள். படிக்கட்டு இடப்பக்கம் இருந்தது.