அவள் எழுதாத திங்கட்கிழமைப் பதிவு

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகத்தான் வந்தது. வலைப்பூ எழுதும் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: "நான் எழுதாத பதிவு ஒண்ணு என் பக்கத்துல வந்திருக்கு." அவளுக்கு அது ஏதோ கோளாறு. அன்றைக்கே மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை. எழுதாதது எப்படி வரும்? வந்தது என்றால், யார்?

ஆகவே தொடங்கினேன்:

மழை ஓய்ந்த மாலையில் அவள் கணினியைத்

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே நம்புவதில்லை.)

2

பல்செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். அச்சு எடுப்பது, மெழுகில் ஈறு செதுக்குவது, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு புதுப்பல்லை ஒப்பிடுவது அவள் வேலை. பல வருடங்களாகத் தமிழில் ஒரு வலைப்பூ நடத்துகிறாள். இத்தாலிய மொழியைத் தானே கற்றுக்கொண்டு, கற்றதைத் திங்கட்கிழமைதோறும் எழுதுவாள். 'பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்தவர் இத்தாலிய இரட்டை மெய்யைக் கண்டு பயப்பட வேண்டாம்' என்கிற மாதிரி.*

ஆரம்பத்தில் சுறுசுறுப்பு. பிறகு கடமை. கடந்த சில மாதங்களாக ஒன்றுமே எழுதவில்லை. மூடிவிடலாம் என்று முடிவெடுத்து, விடைபெறும் பதிவை எழுதப் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

புதுப் பதிவு ஒன்று இருந்தது. அவள் பெயரில். தலைப்பு: 'எனக்குப் பிடிக்கும்.'

* இது உண்மை. இத்தாலியத்தில் பாலா என்றால் மண்வாரி, பால்லா என்றால் பந்து. ஒரு 'ல்' கூடினால் பொருளே மாறும். நமக்கு இது பழகிய விஷயம்தானே? கதைக்கு இது தேவையில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

3

பதிவு இப்படிப் போனது: 'மி பியாச்சே என்றால் எனக்குப் பிடிக்கும். அவர்களும் நம்மைப் போல "எனக்கு" என்றுதான் தொடங்குகிறார்கள். பிடித்த பொருள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார, நாம் ஓரமாக நிற்கிறோம். எடுத்துக்காட்டு: எனக்குக் காலை வெயில் பிடிக்கும். எனக்கு மூடிய கதவு பிடிக்காது.'

இத்தாலியத்தில் அங்கங்கே பிழை. தமிழ் மட்டும் துள்ளியது. கீழே வழக்கமான வாசகர் ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார்: 'பழைய உற்சாகம் திரும்பிவிட்டது!'

அதுதான் அவளைச் சுட்டது. திருடன் புகுந்தது போதாதென்று, வீடு இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று விருந்தாளி சொன்னால்?

மூடிய கதவு. அவள் எழுதும்போது அறைக்கதவை மூடிக்கொள்வாள். அது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

4

முதல் சந்தேகம் கணவன்மேல்.

"ஏங்க, என் பக்கத்துல ஏதாவது எழுதினீங்களா?"

"நானா? எனக்குத் தமிழ்லயே லீவு லெட்டர் நீதானே எழுதித் தர்ற."

"கதவைப் பத்தி எழுதியிருக்கு."

"கதவா? கீல் சத்தம் போடுதுன்னு சொன்னேன். அதைப் போயி இத்தாலியன்ல சொல்லுவேனா?"

முகத்தைப் பார்த்தாள். பொய்ப்பல்லைக் கண்டுபிடிக்கும் கண் பொய்யைக் கண்டுபிடிக்க உதவவில்லை.

அடுத்து, கூடத்தில் பக்கத்து மேசைக்காரி. எல்லோரும் அவளை மெழுகு என்பார்கள். எதையும் நினைத்தபடி வளைப்பவள். அங்கிருந்த கணினியில் இவள் பக்கம் எப்போதும் திறந்தே கிடக்கும்.

"ஏண்டி, என் வலைப்பூவைத் தொட்டியா?"

"உன் இத்தாலியை யாரு தொடுவா? ஆனா அந்தக் கடைசிப் பதிவு நல்லா இருந்துச்சு. இப்பதான் மனுஷி மாதிரி எழுதுற."

அன்று ஒரு கடைவாய்ப்பல்லின் நிறம் தவறிப்போனது.

(இந்த இடத்தில் நான் என் கதாநாயகியையே சந்தேகித்தேன். அவளே எழுதிவிட்டு மறந்திருப்பாளோ? அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். புத்திசாலித்தனமாக இருந்தது, ஆகவே கிழித்தேன். தன் அறைக்கதவு தனக்கே பிடிக்காது என்று எவள் எழுதுவாள்?)

கடவுச்சொல்லை மாற்றினாள். திறந்திருந்த எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறினாள். திங்கட்கிழமை வந்தது. பதிவும் வந்தது. 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.'

5

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலைப்பூவுக்கு வாசல் ஒன்று என்றுதான் நினைக்கிறோம். கடவுச்சொல் அதன் பூட்டு. ஆனால் சில சேவைகளில் பின்வாசல் ஒன்று உண்டு: ஒரு ரகசிய மின்னஞ்சல் முகவரி. அதற்கு எதை அனுப்பினாலும் அது பதிவாகிவிடும். அஞ்சலின் தலைப்பு பதிவின் தலைப்பு. எழுதியவர் பெயர் உரிமையாளர் பெயர். கடவுச்சொல்லை யாரும் கேட்பதில்லை. முகவரி தெரிந்தால் போதும்.

அமைப்புப் பக்கத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் அந்த முகவரி அவள் கண்ணில் பட்டது. பேருந்தில் போகும்போதே எழுதலாம் என்று எப்போதோ உண்டாக்கியது. தன் பழைய போனில் 'இத்தாலி' என்ற பெயரில் சேமித்திருந்தாள்.

"ஏங்க, என் பழைய போனு எங்க?"

"அம்மாகிட்டதான் இருக்கு. நீதானே குடுக்கச் சொன்ன?"

"அதுல இருந்ததை எல்லாம் அழிச்சுட்டுத்தானே குடுத்தீங்க?"

"போட்டோவை அழிச்சேன்..."

6

மாமியாரை நான் கதைக்குள் தாமதமாகக் கொண்டுவருகிறேன். வீட்டிலும் அப்படித்தான், சந்தேகப் பட்டியலில்கூட அவளுக்கு இடமில்லை.

ஜன்னலோரம் போனை மூக்கருகே பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இத்தாலின்னு ஒரு பேருக்கு நீங்க மெயில் அனுப்புறீங்களா?"

"ஆமா. நீதானே உன் பக்கத்துல எழுதியிருக்க, பயிற்சி செஞ்சு அனுப்புங்கன்னு. போன்லயே உன் விலாசம் இருந்துச்சு. திங்கக்கிழமை வராம போச்சே, நாமளாவது செய்வோம்னு அனுப்பினேன்."

"முதல்லேர்ந்து படிக்கிறீங்களா?"

"பின்ன? புதுசு நின்னதும் மறுபடி முதல்லேர்ந்து பழசைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன், முன்பக்கம் போறதே இல்ல. நீ கதவைச் சாத்திக்கிட்டா, உள்ள என்ன பண்றன்னு தெரிஞ்சுக்க வேற வழி?" போனைக் கீழே வைத்தாள். "ஆனா ஒரு தடவைகூட நீ திருத்தி அனுப்பலை. தப்பே இல்லைபோல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பின்னூட்டம் இன்னும் சுட்டது.

"அந்தக் கதவு... எனக்காகவா எழுதுனீங்க?"

"பயிற்சிதானே? மனசுல இருக்குறதைத்தானே எழுத முடியும்?" பிறகு மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "ஏம்மா, இதை உன்னைத் தவிர வேற யாரும் படிக்கலையே?"

7

இந்தக் கேள்விக்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

"இல்ல அத்தை, நான் மட்டும்தான்" என்று அவள் சொல்லலாம். அப்போது மாமியார் தொடர்ந்து எழுதுவாள். பாராட்டு மருமகள் பெயரில் சேரும். மறுபடியும் ஒரு கதவு மூடும்.

"எல்லாரும் படிச்சுட்டாங்க அத்தை. ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றும் சொல்லலாம். அப்போது மாமியார் வெட்கத்தில் ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடும். வலைப்பூவும் அத்தோடு...

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவளை நம்ப முடியவில்லை, இரண்டாவதில் என்னை. பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்; மாமியார் காத்திருக்கிறாள்.

ஆனால் எந்தப் பதில் சொன்னாலும், விடைபெறும் பதிவை அவள் எழுதப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். வழியும் எளிது. அந்த முகவரிக்கு எதிரே மூன்று தேர்வுகள் இருக்கின்றன: முடக்கு, உடனே வெளியிடு, வரைவாகச் சேமி. இதுவரை இரண்டாவதில் இருந்தது. அதை மூன்றாவதற்கு மாற்றினால், மாமியார் அனுப்புவது நேரே ஊருக்குப் போகாது. வரைவில் வந்து நிற்கும். மருமகள் அதைத் திருத்தி அவளுக்கு அனுப்பலாம். மாமியார் சரி என்றால் வெளியிடலாம், மாமியார் பெயரிலேயே.